பதிப்பு சொல்லாமல் உருட்டிய பகடை

ஆடி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்றே கால் மணிக்கு, வால்பாறைக்கு மேலே மூங்கில்மட்டம் எஸ்டேட்டின் ஸ்டாஃப் கிளப்பில், பஸ் கண்டக்டர் சவரியப்பன் உருட்டிய பகடை மேசைக்கு ஒரு சாணும் நாலு விரற்கடையும் மேலே நின்றுவிட்டது. நின்றது என்றால் அசையாமல் நின்றது என்று அர்த்தமில்லை; தன் இருபது முகங்களையும் ஒவ்வொன்றாக எங்களுக்குக் காட்டியபடி, அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் மிச்சமிருந்த மூன்று பேரும் அதைப் பார்த்தோம். ஹெட் கிளார்க் குருவிளா சார் தன் டீயை முழுசாகக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது இப்ப விழாது, கேட்டோ" என்றார்.

நாங்கள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு வனவழி என்று பெயர். அதில் கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருவர் நடுவர், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு காட்டுக்குள் வாயாலேயே நடந்து போக வேண்டியதுதான். நான் ஆற்றைக் கடக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கடந்தாரா முழுகினாரா என்று பகடை சொல்லும், பகடை சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று விதிப்புத்தகம் சொல்லும். வருஷத்தில் ஐந்து மாதம் விடாமல் பெய்கிற ஊரில், அட்டைக்குப் பயந்து யாரும் வெளியே கால் வைக்காத ஞாயிற்றுக்கிழமைகளில், இல்லாத காடு ரொம்ப சௌகரியம். அங்கே எவ்வளவு நடந்தாலும் கால் நனையாது.

வனவழிக்கு நாலு பதிப்புகள் வந்திருந்தன, நாலும் எங்கள் கிளப் அலமாரியில் இருந்தன. முதல் பதிப்பு அறுபத்து நாலே பக்கம், சாணித்தாள், முதுகில் ரெண்டு பின். அதில் பகடை குறைவாக விழுந்தால் நல்லது. உன் உயிர்ப்பிடி ஏழு என்று எழுதியிருந்தால் ஏழோ அதற்குக் கீழோ விழ வேண்டும், எட்டு விழுந்தால் நீ செத்தாய், போய் டீ போடு. இரண்டாம் பதிப்பு தலையணை அளவு. பாசி பிடித்த பாறையில் எந்தப் பக்கம் வழுக்கும் என்பதற்கு ஒரு அட்டவணை, நனைந்த வில்நாண் எத்தனை நாழிகையில் காயும் என்பதற்கு ஒரு அட்டவணை, அந்த அட்டவணைகளில் எதை முதலில் பார்ப்பது என்பதற்கு ஒரு அட்டவணை. குருவிளா சார் அதைப் பைபிளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார். மூன்றாம் பதிப்பு எல்லாவற்றையும் தலைகீழாக்கி, இனிமேல் அதிகமாக விழுந்தால்தான் நல்லது, எல்லாக் காரியத்துக்கும் ஒரே கணக்கு என்று துடைத்து வைத்தாற்போல் வந்தது. நாலாம் பதிப்பு வழவழப்பான தாளில், கலர் படத்தோடு, யாரும் சுலபத்தில் சாகாத மாதிரி எழுதப்பட்டிருந்தது.

ஒரு புதுப் பதிப்பு வந்தால் பழசைத் தூக்கி எடைக்குப் போடுவதுதான் ஊர் உலகத்து வழக்கம் என்று கேள்வி. எங்களுக்கு அப்படி மனசு வரவில்லை. அதனால் நாலையும் கலந்து ஆடினோம். ஆற்றைக் கடக்க ஒரு பதிப்பு, புலியைப் பார்த்து ஓட ஒரு பதிப்பு. அதில் சண்டை வராமலிருக்க இந்த மேசைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பகடை கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், நடுவர் வாயைத் திறந்து எந்தப் பதிப்பு என்று சொல்லிவிட வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஏதாவது ஒன்று. சொல்லாமல் உருட்டினால் அந்த உருட்டல் செல்லாது.

நடுவர், சவரியப்பனின் மனைவி அமலோற்பவம். எஸ்டேட் ஆபீசில் மழை அளக்கிற வேலை. தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து மில்லிமீட்டர் கணக்கை நோட்டில் எழுதுவார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் அந்த வேலைக்குப் புதிதாக வந்தபோது சவரியப்பன்தான் நடுவர். ஆட உட்கார்ந்த முதல் நாள், முதல் பதிப்பில், முதல் உருட்டலிலேயே அந்த அம்மாளின் பாத்திரம் பாம்பு கடித்துச் செத்துப் போனது. அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சவரியப்பன் பாக்கெட்டிலிருந்து டிக்கெட் பென்சிலை எடுத்து, புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில், ஓரத்தில், "புதிதாக வந்தவர் ஒரு முறை மட்டும் மறுபடி உருட்டலாம்" என்று எழுதி, "உக்காருங்க, விதி இருக்கு" என்றார். எங்கள் கண்முன்னால்தான் எழுதினார், நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை, அடுத்த தை மாதம் கல்யாணம், அதோடு நடுவர் நாற்காலியும் அந்த அம்மாளுக்குப் போனது.

அந்த ஆடி ஞாயிறு, சவரியப்பனின் பாத்திரமான தோணி முத்தன் சுழலில் மாட்டிக்கொண்டான். முத்தன் ஓடக்காரன், மூன்றாம் பதிப்பில் ஓடக்காரன் என்ற தொழிலையே எடுத்துவிட்டு வழிகாட்டி என்று பொதுவாக ஒன்றைப் போட்டுவிட்டார்கள் என்பதில் சவரியப்பனுக்குத் தீராத கோபம். உயிருக்கு உருட்ட வேண்டிய நேரம். மூன்று வாரமாக ஓயாத மழை அந்த நொடியில் சட்டென்று நின்றது. மழை அளக்கிறவர் அல்லவா, அமலோற்பவம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அவர் பதிப்பைச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய காது சொன்னதாக நினைத்துக்கொள்ள, சவரியப்பன் உருட்டிவிட்டார்.

பகடையோடு சவரியப்பனும் உட்கார்ந்த வாக்கில் நின்றுபோயிருந்தார்; நான் எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் என்பதால் முதலில் அவர் மணிக்கட்டைத்தான் பிடித்தேன். ஒரு துடிப்பு துடித்தது. அடுத்ததுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை, வரவில்லை என்றும் சொல்ல முடியாது, வந்துகொண்டிருந்தது. கை சூடாக இருந்தது, கண் திறந்திருந்தது, வலது கை பகடையை விட்ட வாக்கில் மேசைக்கு மேலே நீண்டிருந்தது. காலையில் அவர் தோள் வலிக்கிறது என்று வந்தபோது வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியவன் நான். இதை நான் இப்போதுதான் சாவகாசமாக எழுதுகிறேன், அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து பெரிய டாக்டர் வந்தார். ஆளைத் தூக்கப் பார்த்தார்கள், நாற்காலி நகரவில்லை. மேசையைத் தள்ளப் பார்த்தார்கள், அதுவும் நகரவில்லை. டாக்டர் பகடையை அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டு, என்ன விளையாட்டு இது என்று கேட்டார், சொன்னோம். "அப்ப எந்தப் பதிப்புன்னு அந்த அம்மா சொல்ற வரைக்கும் நான் செய்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்று கைப்பையை மூடிக்கொண்டு, மழை பிடிப்பதற்குள் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிவிட வேண்டுமென்று கிளம்பிப் போனார். நல்ல டாக்டர் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தார்கள், இரண்டாம் வாரம் வேலையாக வந்தார்கள், மூன்றாம் வாரத்திலிருந்து வழியில் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. கிளப் கூரை அந்த இடத்தில் ஒழுகுவதைப் பார்த்து ஃபாக்டரி ஆட்கள் தார்ப்பாய் கட்டினார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள், நீட்டிய கை எவ்வளவு நாள்தான் தாங்கும் என்று இலவம்பஞ்சில் ஒரு திண்டு தைத்து முழங்கைக்கு அடியில் கொடுத்தார்கள், ஈரம் ஏறினால் மாற்றுவதற்கு இன்னொன்றும் தைத்து வைத்தார்கள். மாதா கோயில் மெழுகுவர்த்தியும் மாரியம்மன் கோயில் விபூதியும் ஒரே ஜன்னல் மேடையில் இருந்தன, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய பஸ் கண்டக்டர் இல்லாமலே ஓடியது. ஏறுகிறவர்கள் தாங்களே விசில் அடித்துக்கொண்டார்கள், அவர் உட்காரும் முன் சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. வீட்டில் சண்டை போட்டவர்கள்கூட கிளப்புக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், பகடை சத்தத்துக்கு விழுகிற ஜாதி இல்லை என்று தெரிந்த பிறகும்.

ஒரு முறை ஃபாக்டரி மேஸ்திரி ஒருவர் சாமி வந்த மாதிரி "நாலு" என்று கத்திப் பார்த்தார். பகடை சட்டை செய்யவில்லை. நடுவர் வாயிலிருந்து வந்தால்தான் ஆச்சு. அதனால் அமலோற்பவம் அந்த நாலு எண்களையும் வாயால் சொல்வதையே விட்டுவிட்டார், தூக்கத்தில் உளறிவிடக் கூடாதென்று வாயில் துணி கட்டிக்கொண்டு படுத்தார். கடையில் முட்டை வாங்கினால் ஐந்து வாங்குவார், வீட்டில் ஒருத்தி மட்டும் இருக்கிறவளுக்கு எதற்கு ஐந்து என்று யாரும் கேட்கவில்லை. மழைக் கணக்கை எழுதிக் காட்டினார். கொஞ்ச நாளில் ஊரே அவர் எதிரில் அந்த எண்களைத் தவிர்க்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவர் ரோட்டில் வருவதைப் பார்த்தால் வாய்ப்பாட்டை ஐந்தாம் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கினார்கள்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கொழுந்து எடை போட்டு முடிந்ததும், குருவிளா சார் கிளப் வராந்தாவில் நின்று விதிப்புத்தகங்களை உரக்க வாசித்தார். எஸ்டேட்டே கேட்டது. மேல் டிவிஷன்காரர்கள் மூன்றாம் பதிப்புப் பக்கம், கீழ் டிவிஷன்காரர்கள் முதல் பதிப்புப் பக்கம், ஃபாக்டரி லயன் வீடுகள் முழுக்க இரண்டாம் பதிப்பு, கல்யாணமாகாதவர்கள் நாலாம் பதிப்பு. ரேஷன் கடை வரிசையில், அதிகமாக விழுந்தால் நல்லது என்பதுதான் மனுஷ சுபாவம் என்று ஒருவர் சொல்ல, அப்போ பிரஷர் அதிகமாக வந்தால் நல்லதா என்று இன்னொருவர் கேட்க, மண்ணெண்ணெய் அளக்கிறவர் அளப்பதை நிறுத்திவிட்டு நடுவில் புகுந்தார். எதற்கெடுத்தாலும் காரணம் கேட்கிற பிள்ளையை, ரெண்டாம் பதிப்பில் பிறந்தவனே என்று அம்மாக்கள் திட்டினார்கள்.

இந்தக் கூட்டத்தில் பேச்சித்தாய் என்று ஒருத்தி இருந்தாள். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, எழுதப் படிக்கத் தெரியாது, ஒரு தடவை காதில் விழுந்ததை மறக்க மாட்டாள். கார்த்திகை வருவதற்குள் நாலு புத்தகமும் அவளுக்கு மனப்பாடம். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது அவள் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன்.

"மொத பொஸ்தவம் எழுதுனவன் சோம்பேறி, கம்பவுண்டரய்யா. பாதிய எழுதிட்டு மிச்சத்த நீங்க பாத்துக்கோங்கன்னு போயிட்டான். ஆனா நம்பிட்டுப் போயிருக்கான். ரெண்டாவது எழுதுனவன் ஒருத்தனையும் நம்பல, கங்காணி மாதிரி கூடவே வாரான். மூணாவது ஆளு மனுசன விட்டுட்டு எண்ண நம்பிட்டான்."

"நாலாவது?"

"அது எழுதுனவன் பயந்தவன். யாரும் அழுதுறப்புடாதுன்னு பயம் அவனுக்கு. நல்லவன்தான்" என்றாள். பிறகு, "அந்தப் பொஸ்தவத்துல கடைசில ஒரு பக்கம் இருக்கு. அத அந்தக்கா கேட்டுச்சான்னு தெரியல. நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

படித்தேன். பழைய பதிப்பில் ஆடிய பாத்திரத்தை நாலாம் பதிப்புக்குள் கொண்டுவருவது எப்படி என்ற பக்கம் அது. பெயர் வரும், உடம்பு வரும், கைத்தொழில் வரும். அதுவரை ஆட்டத்தில் நடந்தது எதுவும் வராது. பாத்திரம் அன்றைக்குத்தான் பிறந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழைய பலங்களும் புதிய பலங்களும் சேர்ந்து ஆட்டத்தைக் கெடுத்துவிடுமாம். நியாயமான விதிதான், எழுதினவனைக் குற்றம் சொல்ல முடியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் ரெண்டு நாள் அமலாக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை.

தை பிறந்தது, மழை விட்டது, வெயில் வந்தது. சவரியப்பனின் கை தாழ ஆரம்பித்தது. கையோடு பகடையும் தாழ்ந்தது. அமலோற்பவம் மழைமானியின் அளவுகோலைக் கொண்டுவந்து மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, தினமும் காலை எட்டரைக்குப் பகடையை அளந்து, மழை எழுதுகிற அதே நோட்டில், மழை பூஜ்யம் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார், மறுநாள் இருநூற்று எட்டு, அதற்கு மறுநாள் இருநூற்று ஆறு. பதிப்பு சொல்லாமலே பகடை மேசையைத் தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும்தான் விதி தெரியுமே. அந்த உருட்டல் செல்லாது. உருட்டவே இல்லை என்று ஆகும். அந்த இன்னொரு துடிப்பு வராது.

மாசி மாதம் அளவு முப்பதுக்குக் கீழே இறங்கிய அன்றைக்கு, மத்தியானம், கிளப்பில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தபோது நான் போனேன். சவரியப்பனின் விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"கை வலிக்குது போல அவருக்கு" என்றார் அக்கா.

"அக்கா, அன்னிக்குக் காலைல அண்ணன் தோள் வலின்னு வந்தாங்க. நான் வாயுன்னு சொல்லி..."

"தெரியும் கம்பவுண்டரே. மாத்திரை அட்டை சட்டைப் பையில இருந்துச்சு. அதையெல்லாம் விடுங்க. கடைசிப் பக்கத்த நானும் படிச்சேன்."

நான் உட்கார்ந்தேன்.

"பழைய புஸ்தகம்னா முத்தன் உயிர்ப்பிடி ஏழு, இருபது முகத்துல ஏழுதான் நமக்கு. அதுல விழுந்தா முழுசா வருவாரு, இத்தன வருசத்தோட. மிச்சத்துல எது விழுந்தாலும் போயிருவாரு. நடுவுல உள்ள புஸ்தகங்கள்லயும் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், வழி இன்னும் மோசம். கலர் புஸ்தகம்னா கட்டாயம் வருவாரு. ஆனா என்னத் தெரியாது." அவர் எண்களைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசினார், அது பழகிப்போயிருந்தது.

"ஓரத்துல எழுதின விதி இருக்கே அக்கா. மறுபடி உருட்டலாம்னு."

"அது புதுசா வந்தவங்களுக்கு. அவரு பழைய ஆளு. அத எனக்காகச் செலவழிச்சுட்டாரு." அவர் திண்டைச் சரி செய்தார். "அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? பழசத்தான் கேப்பாரு. விழுந்தா விழட்டும், அதான் ஆட்டம்பாரு. எத்தன தடவ சண்ட போட்டிருப்போம். கலர் புஸ்தகத்த மெத்தை புஸ்தகம்னுதான் சொல்லுவாரு."

"அப்ப?"

"ஆனா நடுவர் நான்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, எனக்கும் தாங்கவில்லை, ரெண்டு பேருமாக உட்கார்ந்து அழுதோம், பகடை எங்கள் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அளவு பதினொன்று. மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லி அனுப்பியது போல எல்லோரும் வந்துவிட்டார்கள், உள்ளே இடமில்லாதவர்கள் ஜன்னலில் நின்றார்கள், அதற்கும் இடமில்லாதவர்கள் புல்வெளியில் உட்கார்ந்தார்கள். அமலோற்பவம் கல்யாணத்துக்குக் கட்டிய பச்சைப் புடவையில் வந்து, பேச்சித்தாயை மேசையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சவரியப்பனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே, ஏழு மாதமாகச் சொல்லாத எண்ணைச் சொன்னார்.

"நாலு."

பகடை விழுந்தது. ஒரு முறை எகிறி, ரெண்டு முறை புரண்டு, சவரியப்பனின் கைக்கு அருகில் நின்றது.

மூன்று விழுந்திருந்தது.

கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் நாலு பதிப்பும் அத்துப்படி. முதல் பதிப்பில் மூன்று விழுந்தால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாமலில்லை. கையை மடக்கிக்கொண்டு, அமலா, மழை விட்டிருச்சா என்று கேட்டிருப்பார். அதை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் யாரும் சொன்னதில்லை, ரேஷன் கடை வரிசையில்கூடச் சொன்னதில்லை. அமலோற்பவம் அந்த மூன்றைப் பார்த்தார். பார்த்தார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நடுவர் குரலில், "முதல் வாய்ப்பு போச்சு. நாலாம் பதிப்புல மேசையில இருக்கிற யார் வேணும்னாலும் கீழ கிடக்கிறவருக்காக உருட்டலாம். பேச்சி, நீ எடு" என்றார்.

பேச்சித்தாய் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பகடையை எடுத்து உருட்டினாள். பதினேழு. சவரியப்பனின் மணிக்கட்டில் வைத்திருந்த என் விரலுக்கு அடியில், ஏழு மாதமாக வந்துகொண்டிருந்த அந்த இன்னொரு துடிப்பு வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னால் அடுத்ததும் வந்தது.

சவரியப்பன் கையை மடக்கி, தோளைத் தடவிக்கொண்டு, இத்தனை பேர் எதற்கு நிற்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். எதிரில் பச்சைப் புடவையில் இருந்த பெண்ணிடம், மரியாதையாக, "தண்ணி கிடைக்குங்களாம்மா?" என்று கேட்டார். அமலோற்பவம் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்கப்புறம் ஊருக்கு வேலை ரொம்ப இருந்தது. சவரியப்பனுக்கு விசில் அடிக்கத் தெரிந்தது, டிக்கெட் கிழிக்கத் தெரிந்தது, ஸ்டாப் பெயர்கள்தான் தெரியவில்லை. பயணிகளே ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பெயரைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் காலியாக இருந்த ஓர் அறையில் தங்கினார். அமலோற்பவம் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். சொன்னால் நம்புவார், பாவம், நல்ல மனுஷன், கடமைக்கு வந்து கூட இருப்பார், அது வேண்டாம் என்றார். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறக்கும்போது அந்த வழியாகப் பஸ் போகும். அவர் முன் சீட்டிலிருந்து தலையை வெளியே நீட்டி, "இன்னிக்கு எவ்வளவும்மா?" என்று கேட்பார், இவர் சொல்வார். அவ்வளவுதான் பேச்சு. சில நாள் மழை ரெண்டு மில்லிமீட்டராக இருக்கும். அதைச் சத்தமாகச் சொல்வதில் அக்காவுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

மறுபடி ஆடி வந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அட்டைக்குப் பயந்து, குடையை உதறிக்கொண்டே சவரியப்பன் கிளப்புக்குள் வந்தார். "இங்க ஏதோ காட்டு ஆட்டம் ஆடுவீங்களாமே. பஸ்ல எல்லாரும் அதப் பத்தியே பேசுறாங்க. எனக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டார். குருவிளா சார் அவசரமாக டீயைக் குடித்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், அது சாதாரணமாக நகர்ந்தது.

அமலோற்பவம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, பென்சிலைச் சீவினார். "உங்க பாத்திரம் யாருன்னு சொல்லுங்க."

அவர் யோசித்தார். "ஆத்துல தோணி விடுறவன் ஒருத்தன். அப்படி ஒருத்தன் இருக்கலாமா இதுல?"

"இருக்கலாம்" என்றார் அக்கா, எழுதினார்.

ஆற்றங்கரைக்கு வந்து, தோணியை அவிழ்த்து, ஏறுகிற இடத்தில் ஒரு பாம்பு. உருட்ட வேண்டும். சவரியப்பன் பகடையை எடுத்தார், உள்ளங்கையில் குலுக்கினார், கையை நீட்டினார், நீட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டு அமலோற்பவத்தைப் பார்த்தார்.

"எந்தப் பதிப்பும்மா?"

அந்த வழக்கத்தை நாங்கள் அவருக்கு இன்னும் சொல்லித்தரவில்லை.

"ஒண்ணு" என்றார் அமலோற்பவம், எல்லோருக்கும் கேட்கும்படி.

பதினெட்டு விழுந்தது. உயிர்ப்பிடி ஏழு. தோணிக்காரன் செத்தான்.

"அவ்வளவுதானா?" என்று சிரித்தபடி அவர் குடையைத் தேடினார்.

"உக்காருங்க. விதி இருக்கு." அமலோற்பவம் சாணித்தாள் புத்தகத்தைத் திறந்து, நாற்பத்தோராம் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினார். அவர் குனிந்து, ஓரத்தில் மங்கிப்போயிருந்த பென்சில் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"புதிதாக வந்தவர் ஒரு முறை மட்டும்... இது அச்சுல இல்லையே. யாரோ கையால எழுதியிருக்காங்க."

"ஆமா."

"யாருக்காகவோ எழுதின மாதிரி இருக்கு."

"எனக்காக எழுதினாங்க. நான் புதுசா வந்தப்போ."

"நல்ல மனுசனா இருப்பாரு போல" என்றார் சவரியப்பன்.

அமலோற்பவம் தலையாட்டி, "ஒண்ணு" என்று சொல்லி, பகடையை அவர் பக்கம் நகர்த்தினார். சவரியப்பன் அதை எடுத்து மறுபடி உருட்டினார். அது அவர் கையை விட்டுக் கிளம்பி, எங்கேயும் நிற்காமல், மேசைமேல் விழுந்தது.